பாலைவன நெடுஞ்சாலையில் பலகையைப் பார்க்காமல் செய்யும் தவறுகள்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஐ-10 என்ற இன்டர்ஸ்டேட் (மாநிலங்களை இணைக்கும்) நெடுஞ்சாலையில் கிழக்கே போகும்போது ஒரு பச்சைப் பலகை வரும். "இண்டியோ, மற்ற பாலைவன ஊர்கள்" என்று அதில் எழுதியிருக்கும். பாம் ஸ்பிரிங்ஸ் போகிறவர்கள், நம்ம ஊர்ப் பெயரைக் காணோமே என்று தடம் மாறத் தவிப்பது அங்கேதான். அமெரிக்க இன்டர்ஸ்டேட் பலகை நாம் போகும் ஊரைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கவே கூடாது. சாலை எண், திசை, அந்தத் தடத்தில் முன்னால் இருக்கும் ஒரு பெரிய ஊர், அவ்வளவுதான் சொல்லும். கிளம்பும் முன் எண்ணையும் திசையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைப்படை எண் என்றால் கிழக்கு மேற்காகப் போகும் சாலை, ஒற்றைப்படை என்றால் தெற்கு வடக்கு.

மேற்கு டெக்சஸில் இது இன்னும் முக்கியம். எல் பாசோவிலிருந்து மணிக்கணக்காக நேர்கோட்டில் வந்த பிறகு, ஊர் என்று எதுவுமே கண்ணில் படாத இடத்தில், 186ஆம் எக்ஸிட்டில் (நெடுஞ்சாலையை விட்டு வெளியேறும் பாதையில்) ஐ-20 பிரிகிறது. ஐ-10 சான் அன்டோனியோவுக்கு, ஐ-20 டாலஸுக்கு. பேச்சு சுவாரசியத்தில் இதைக் கோட்டைவிட்டால் ஒரு மாலைப்பொழுதே போய்விடும்.

ஆனால் பலரும் செய்யும் பெரிய தவறு வேறு. எக்ஸிட் என்று ஒன்று இருந்தால் அங்கே பெட்ரோல் பங்க்கும் இருக்கும் என்று நம்பிவிடுவது. லாஸ் வேகஸ் போகும் ஐ-15இல் 239ஆம் எக்ஸிட்டில் 'ஸைஸிக்ஸ் ரோடு' என்று விநோதமான பெயரில் ஒரு பலகை உண்டு. பெயருக்காகவே இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் முதல்முறை இறங்கியபோது பாலம், இரண்டு சரிவுப் பாதைகள், ஸ்டாப் பலகை எல்லாம் ஒழுங்காக இருந்தன. அதைத் தாண்டினால் உப்புப் படிந்த ஏரிப்படுகையை ஒட்டி ஒரு சிறு சாலை. கடையும் இல்லை, பங்க்கும் இல்லை. பாலைவனத்தில் இப்படிப்பட்ட எக்ஸிட்டுகள் ஏராளம். எங்கோ இருக்கும் ஒரு பண்ணைக்காகவோ ஆய்வு நிலையத்துக்காகவோ கட்டியவை அவை. எக்ஸிட்டுக்கு முன்னால் பெட்ரோல், உணவு என்று சொல்லும் நீலப் பலகை வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அதை நம்பி இறங்காதீர்கள். கலிஃபோர்னியாவில் எக்ஸிட் எண் மைல் கணக்குதான். 239ஐக் கடந்தால் 246ஆம் எக்ஸிட்டில் பேக்கர் ஊர். இன்னும் 7 மைல்தான் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

யூட்டாவின் ஐ-70இல் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் நடுவே 100 மைலுக்கு மேல் ஒரு பங்க்கூட கிடையாது. அதைச் சொல்லும் பலகையைப் பார்த்ததும் டேங்க்கில் பாதிக்குக் கீழே இருந்தால் பேசாமல் கிரீன் ரிவரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கூடவே தண்ணீரும்.

அரிசோனாவின் ஐ-19 மட்டும் தனிக் கதை. டூசானிலிருந்து நொகாலஸ் வரை 100 கிலோமீட்டர் சொச்சம். அங்கே தூரம் கிலோமீட்டரில், வேக வரம்பு மைலில். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மறுபடி லாஸ் வேகஸ் போகும் ஐ-15க்கு வருவோம். பேக்கரைத் தாண்டியதும் ஏற்றம். 1,000 அடிக்கும் குறைவான உயரத்திலிருந்து 4,700 அடிக்கு மேலே மவுன்டன் பாஸ் வரை ஏறவேண்டும். இன்ஜின் சூடாகாமலிருக்க ஏசியை நிறுத்துங்கள் என்று அங்கே பலகை சொல்கிறது. புது கார்தானே என்று அலட்சியம் வேண்டாம். நாலு பேர், பெட்டி, கோடை வெயில் எல்லாம் சேர்ந்தால் புது காரும் திணறும். வெப்பமானியின் முள் ஏறினால் ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரைப் போடுங்கள். உள்ளே வெந்து போகும்தான், ஆனால் இன்ஜினின் சூட்டை அது கொஞ்சம் இழுத்துக்கொள்ளும்.

அப்புறம் புழுதிப் புயல். அரிசோனா ஐ-10இல் பிக்காச்சோ பீக்குக்கும் எலாய்க்கும் இடையே 10 மைலுக்குப் புழுதியைக் கண்டுபிடிக்கும் கருவிகளும், வேக வரம்பைக் குறைத்துக் காட்டும் மின்பலகைகளும் வைத்திருக்கிறார்கள். அந்த எண் குறைந்தால், வானம் தெளிவாகத் தெரிந்தாலும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். புழுதிக்குள் மாட்டிக்கொண்டால் நம் கை தானாகவே ஹசார்ட் விளக்குக்குப் போகும். உயிரை வாங்கும் தவறு அதுதான். பின்னால் வருபவருக்குச் சாலை தெரியாது, உங்கள் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். அது ஓடிக்கொண்டிருக்கும் வண்டி என்று நினைத்து அதைப் பின்பற்றி நேராக வந்து மோதுவார். அதனால் சாலையை விட்டு முடிந்த அளவு விலகி நிறுத்துங்கள். எல்லா விளக்கையும் அணையுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, பிரேக் பெடலிலிருந்து காலை எடுங்கள். கால் அதன்மேல் இருந்தால் பின்விளக்கு எரியும். சீட் பெல்ட்டைக் கழற்றாமல் உள்ளேயே இருங்கள்.

மேப் செயலி காட்டும் குறுக்குவழியையும் நம்பாதீர்கள். 2023 நவம்பரில் லாஸ் வேகஸிலிருந்து திரும்பியவர்கள் சிலர் புயலைத் தவிர்க்க அது காட்டிய வழியில் போய், மண்பாதையில் சிக்கினார்கள். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் தாமதமானாலும் அங்கே உதவிக்கு ஆள் வருவார்கள்.

எக்ஸிட்டைத் தவறவிட்டால் அடுத்தது 10 மைல் தள்ளிக்கூட இருக்கலாம். பரவாயில்லை, போய்த் திரும்பி வாருங்கள். பின்னோக்கி ஓட்டுவதும், போலீஸ் வண்டிகளுக்காக நடுவில் விட்டிருக்கும் வெட்டில் திரும்புவதும் வேண்டவே வேண்டாம்.

எக்ஸிட்டில் இறங்கிவிட்டு, இரவில் தெருவிளக்கில்லாத இன்டர்சேஞ்சில் (சாலைகள் சேரும் இடத்தில்) மீண்டும் நெடுஞ்சாலைக்கு ஏறும்போது நிதானமாகப் பாருங்கள். வெளியே வரும் பாதையும் உள்ளே போகும் பாதையும் இருட்டில் ஒன்றுபோலவே இருக்கும். ஏறிய பிறகு தரையில் பதித்த பிரதிபலிப்பான்கள் உங்கள் ஹெட்லைட்டில் சிவப்பாக மின்னினால், நீங்கள் எதிர்த்திசையில் போகிறீர்கள். உடனே ஓரத்தில் ஒதுங்கி நிறுத்துங்கள். எதிரே வண்டி வரவில்லை என்று உறுதியான பிறகே திருப்புங்கள்.