பல் செட்டும் கேப்பும்: பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல் மருத்துவம் படிக்கிற பி.டி.எஸ். மாணவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் நிறைய பேர் பிராஸ்தோ (பல் செட்டும், பல்லின்மேல் மாட்டுகிற உறையான கேப்பும் செய்கிற பிரிவு) என்றதும் முகம் சுளிப்பார்கள். காரணம் இருக்கிறது. பல் பிடுங்கினால் சரியாகச் செய்தோமா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். ஒரு முழு பல் செட்டுக்கோ நோயாளி ஐந்தாறு தடவை வர வேண்டும். முதல் நாள் அளவு (வாயின் அச்சு) எடுக்கையில் செய்த தப்பு, நாலாவது தடவை மெழுகுப் பல்லை வாயில் வைத்துப் பார்க்கும்போதுதான் தலைகாட்டும். அதற்குள் அது எங்கே தொடங்கியது என்பதே மறந்துபோயிருக்கும். தப்பு தெரிகிற இடத்தைச் சுரண்டிச் சரிசெய்யப் பார்ப்பதுதான் மாணவர்கள் செய்கிற பெரிய தப்பு. அதனால் ஒவ்வொன்றும் எங்கே முளைக்கிறது என்று பார்க்கலாம்.

அளவு எடுப்பதில் தொடங்குவோம். தண்ணீரில் கலக்கி வாயின் அச்சு எடுக்கிற ஆல்ஜினேட் பொடி எளிதான பொருள் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. நம்மூர் வெயிலில் குழாய்த் தண்ணீரே வெந்நீர் மாதிரி வரும். அதை ஊற்றிக் கலக்கினால் கிண்ணத்திலேயே இறுகத் தொடங்கிவிடும். உடனே மாணவர் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்ப்பார். இறுகும் நேரம் கொஞ்சம் நீளும்தான், ஆனால் பொருளின் வலு போய், வாயிலிருந்து எடுக்கும்போது ஓரம் கிழியும். பொடிக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதத்தைத் தொடாதீர்கள். தண்ணீரைக் குளிரவைத்தால் போதும்.

அந்தக் கலவையை ஏந்துகிற டிரேயை வாயில் வைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. மேல்தாடைக்குப் பின்பக்கத்தை முதலில் அழுத்திவிட்டு அப்புறம் முன்பக்கத்தை மேலே ஏற்ற வேண்டும். அப்போதுதான் மிச்சப் பொருள் உதட்டுப் பக்கம் வழியும். முன்னால் முதலில் அழுத்தினால் எல்லாம் தொண்டைக்குப் போகும். நோயாளி ஓங்கரிப்பார், மாணவர் பதறுவார், டிரே அசையும். அசைந்த அளவு பார்வைக்கு அழகாகவே இருக்கும், அதுதான் வம்பு. நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்க்கச் சொல்லி, மூக்கால் மூச்சு விடச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எடுத்த அளவைக் கழுவி, கிருமிநீக்கம் செய்து, ஈரத்துணி சுற்றிவைத்துவிட்டு டீ குடிக்கப் போவது இன்னொரு வழக்கம். ஆல்ஜினேட் காற்றில் நீரை இழந்து சுருங்கும், நீரில் கிடந்தால் உறிஞ்சி உப்பும். ஈரத்துணி என்பது கொஞ்ச நேரத்துக்கான ஏற்பாடு. பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் அந்த அச்சில் ஸ்டோன் (மாடல் வார்க்கிற ஜிப்சம் கலவை) ஊற்றிவிட வேண்டும். ஊற்றியபின் மணிக்கணக்கில் அப்படியே விட்டால் மாடலின் மேற்பரப்பு சுண்ணாம்பு மாதிரி உதிரும். இந்த இரண்டு நேரக்கணக்கும் தெரியாத மாணவர் கிடையாது, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் ஒப்பிப்பார்கள். கடைப்பிடிக்கிற நாள்தான் குறைவு.

முழு பல் செட்டுக்கு இரண்டாவது அளவு எடுக்க அந்த நோயாளியின் வாய்க்கென்றே ஸ்பெஷல் டிரே செய்வோம். அதன் ஓரம், ஈறும் கன்னமும் சேர்கிற பள்ளத்துக்குச் சுமார் 2 மி.மீ. குறைவாக நிற்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் சூட்டில் இளகுகிற கிரீன் ஸ்டிக் என்ற பொருள் உட்கார்ந்து கன்னத்தசையின் அசைவைப் பதிவுசெய்யும். டிரே நீளமாக இருந்தால் தசை கிரீன் ஸ்டிக்கை வடிவமைக்காது, டிரே தசையைத் தள்ளும். பல் செட் வந்தபின் வாய் திறந்தால் கழன்று விழுகிறது என்று நோயாளி சொல்வது பெரும்பாலும் இங்கேயிருந்து வருகிற புகார். தீயில் காட்டிய கிரீன் ஸ்டிக்கை வெந்நீரில் ஒருமுறை முக்காமல் வாய்க்குள் கொண்டுபோகவே கூடாது, சூடு பட்டுவிடும். ஒருமுறை சுட்டுக்கொண்ட நோயாளி அதற்கப்புறம் நம்மை நம்பி வாயைத் தளர்த்தமாட்டார்.

மேல் செட்டின் பின்பக்க எல்லையை ஊகத்தில் முடிப்பதும் உண்டு. 'ஆ' சொல்லச் சொன்னால் அண்ணத்தில் அசைகிற பகுதியும் அசையாத பகுதியும் பிரிகிற கோடு தெரியும். ஓங்கரிப்புக்குப் பயந்து அதற்கு முன்னாலேயே நிறுத்தினால் காற்றுப்புகாத அடைப்பு கிடைக்காது. இருமினால் செட் இறங்கும்.

இனி தாடை அளவு, அதாவது கீழ்த்தாடை மேல்தாடையோடு எந்த நிலையில் சேர்கிறது என்று பதிவுசெய்வது. என்னைக் கேட்டால் பிராஸ்தோ பயிற்சியில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான், ஆனால் மாணவர்கள் அவசரப்படுவதும் இங்கேதான்.

ஒரு பாட்டி. பத்து வருடமாகப் பல் இல்லை. முன் ஈறால் மென்று பழகியவர். பல்லுக்குப் பதில் நிற்கிற மெழுகுக்கட்டையை வாயில் வைத்து, "பாட்டி, கடிங்க" என்கிறார் மாணவி. பாட்டி கடிக்கிறார், கீழ்த்தாடையை முன்னால் தள்ளி. மாணவி அதையே பதிவுசெய்து கட்டைகளை ஒட்டிவிடுகிறார். தாடையின் அசைவைப் போலச் செய்கிற ஆர்ட்டிகுலேட்டர் கருவியில் பற்கள் கச்சிதமாக அமைகின்றன, ஸ்டாஃபும் பாராட்டுகிறார். மெழுகுப் பல்லை வாயில் வைத்த அன்று பாட்டியின் தாடை நிதானமாகப் பின்னால் போகிறது. மேலே முன்பல், கீழே முன்பல், நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. அழுதுகொண்டே எல்லாப் பற்களையும் கழற்றி மறுபடி அடுக்க வேண்டியதுதான்.

"கடிங்க" என்ற சொல்லே வேண்டாம். "நாக்கு நுனியை மேலே, பின்னாடி கொண்டுபோய்த் தொடுங்க பாட்டி, அப்படியே மெதுவா வாயை மூடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். எச்சில் விழுங்கச் சொல்வதும் உதவும். ஒருமுறை சரியாக வந்ததும் ஒட்டிவிடாதீர்கள். இரண்டு மூன்று தடவை திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், மெழுகுக்கட்டை உட்கார்ந்திருக்கிற அடித்தட்டு ஆடாமல் இருப்பது. ஆடுகிற தட்டின்மேல் எடுத்த எந்தப் பதிவும் செல்லாது.

வாய் மூடியிருக்கும்போது மேல் கீழ் தாடைகளுக்கு இடையே இருக்க வேண்டிய உயரக் கணக்கும் அப்படித்தான். மூக்கு நுனியில் ஒரு புள்ளி, தாடையில் ஒரு புள்ளி வைத்து, ஓய்வு நிலையில் உள்ள தூரத்திலிருந்து 2 முதல் 4 மி.மீ. கழிக்க வேண்டும் என்பது பாடம். ஆனால் புள்ளி தோலில் இருக்கிறது, தோல் நகரும். உதட்டை இறுக்கிக்கொண்டால் அளவு மாறும். ஒரே அளவை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல் 'ஸ்' ஒலி வருகிற சொற்களைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அப்போது மேல் கீழ் கட்டைகள் ஒன்றையொன்று தட்டினால் உயரம் கூடிவிட்டது என்று அர்த்தம். கூடினால் பேசும்போது பல் 'டக் டக்' என்று இடிக்கும், தாடை வலிக்கும், ஈறு முழுக்க எரியும். குறைந்தால் முகம் சுருங்கி வாயோரம் புண்ணாகும். இந்த இரண்டில் மாணவர்கள் அதிகம் செய்வது கூட்டுவதைத்தான், ஏனென்றால் உயரம் கூடினால் சுருக்கம் மறைந்து முகம் அழகாகத் தெரியும்.

லேபில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெழுகு இருந்த இடத்தில் அக்ரிலிக்கை அடைக்கிற பாக்கிங் முடிந்ததும் பிளாஸ்கை (அச்சுப்பெட்டியை) நேரே கொதிநீரில் போடாதீர்கள். அக்ரிலிக்கில் கலக்கிற திரவமான மோனோமரின் கொதிநிலை 100.8 டிகிரி செல்சியஸ். பொருள் இறுகும்போது உள்ளே உண்டாகிற வெப்பமும் சேர்ந்து அதைத் தாண்டினால் தடித்த பகுதிகளில் குமிழ்விழும். 74 டிகிரியில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வைத்து, அப்புறம் கொதிக்கவிட்டு ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். அவசரமாகக் குளிரவைத்தால் செட் வளையும்.

கழற்றி மாட்டுகிற பகுதிப் பல் செட்டில் நடப்பது வேறு வகைத் தப்பு. மாடலில் பற்களின் சாய்வைப் பார்க்க உதவுகிற சர்வேயர் என்ற கருவி பல துறைகளில் கண்ணாடி அலமாரிக்குள் புதிதாகவே இருக்கும். மாணவர் அளவெடுத்து லேபுக்கு அனுப்புவார், டெக்னீஷியன் கம்பி வளைத்து அக்ரிலிக் செட் கொடுப்பார். எந்தப் பல்லில் கொக்கி, எங்கே தாங்கு பள்ளம் (செட்டைத் தாங்கப் பல்லில் செய்கிற சின்னக் குழி) என்று முடிவுசெய்தது யார் என்று கேட்டால் பதில் இருக்காது. தாங்கு பள்ளம் இல்லாத செட், கடிக்கக் கடிக்க ஈறுக்குள் இறங்கி, மிச்சமிருக்கிற பற்களின் ஈறையும் கீழே இறக்கும். வடிவமைப்பை முதலில் மாடலில் வரைந்து, பல்லில் செய்ய வேண்டிய பள்ளங்களைச் செய்து, அதற்கப்புறம்தான் இறுதி அளவு. அளவெடுத்தபின் வடிவமைப்பது தலைகீழ் வேலை.

பல் இல்லாத இடம் எங்கே என்பதை வைத்துப் பிரிக்கிற கென்னடி வகைப்பாட்டை 1925-லிருந்து பயன்படுத்திவருகிறோம். அதைப் பல் பிடுங்குகிற முடிவுகள் எல்லாம் எடுத்தபின்தான் போட வேண்டும். ஆடுகிற கடைவாய்ப்பல் ஒன்றை இருக்கிறதாகக் கணக்கிட்டு மூன்றாம் வகை (இடைவெளிக்கு முன்னும் பின்னும் பல் உண்டு) என்று எழுதிவிட்டு, அடுத்த வாரம் அதைப் பிடுங்கினால் அது இரண்டாம் வகையாகிவிடும் (ஒரு பக்கம் பின்னால் பல் இல்லை), மொத்தத் திட்டமும் மாறும்.

கேப், பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களில் ஊன்றி நிற்கிற நிலையான பல்) விஷயத்துக்கு வருவோம். ஃபாண்டம் ஹெட் என்கிற பயிற்சிப் பொம்மைத் தலையில் செய்கிற பிளாஸ்டிக் பல்லுக்கு நாக்கு கிடையாது, எச்சில் கிடையாது, உயிரும் கிடையாது. அதில் பழகிய கை, நிஜப் பல்லிலும் தண்ணீர் வருகிறதா என்று பார்க்காமல் பல்லைச் சீவுகிற பர்ரை அழுத்தும். பல்லுக்குள் இருக்கிற உயிருள்ள திசுவான பல்கூழின் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தாலே சில பற்களில் அது செத்துப்போகிறது என்று 1965-ல் குரங்குகளில் செய்த ஆய்வில் கண்டார்கள். அழுத்தத்தைக் குறைத்து, விட்டு விட்டுத் தொட்டு, தண்ணீர் பர்ரின் முனையில் விழுகிறதா என்று கவனித்தால் போதும்.

எவ்வளவு சீவ வேண்டும் என்று காட்டுகிற ஆழக்கோடு போடாமல் கண்ணளவில் சீவுவது அடுத்தது. உலோகத்தின்மேல் செராமிக் வைக்கிற கேப்புக்குக் கடிக்கிற பரப்பில் சுமார் 2 மி.மீ. இடம் வேண்டும். நடுவில் நன்றாகக் குடைந்துவிட்டு, கடியின் சுமை தாங்குகிற முனையைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். லேபில் அங்கே செராமிக் மெல்லியதாகப் போடுவார்கள், ஆறு மாதத்தில் அது தெறிக்கும். ஆரம்பத்திலேயே பல்லுக்குப் புட்டியில் (கையால் பிசைகிற அச்சுப்பொருளில்) ஓர் அச்சு எடுத்து, நடுவில் வெட்டி வைத்துக்கொண்டால் எங்கே எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அவ்வப்போது வைத்துப் பார்க்கலாம். அந்தப் புட்டி ஆடிஷன் சிலிக்கான் என்றால் லேடெக்ஸ் கையுறையோடு பிசையாதீர்கள், கையுறையில் உள்ள கந்தகம் அதை இறுகவிடாது.

சீவிய பல்லின் சுவர்ச் சரிவு விஷயத்தில் ஒரு சின்ன உத்தி. சீவிய பல்லை ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுமார் ஓர் அடி தூரத்திலிருந்து பாருங்கள். இரண்டு கண்ணாலும் பார்த்தால் ஒவ்வொரு கண்ணும் வெவ்வேறு கோணத்திலிருந்து பார்ப்பதால், உள்வாங்கிய சுவர்கூட நேராக இருப்பதுபோல் ஏமாற்றும். இதைத் தெரியாத மாணவர், சந்தேகத்துக்கு இன்னும் இன்னும் சீவி, கடைசியில் கூம்பு மாதிரி ஆக்கிவிடுவார். கேப் நிற்காது. பக்கத்துப் பல்லைப் பர் தொடாமல் இருக்க நடுவில் உலோகப் பட்டை செருகச் சொல்லிக் கொடுக்கிறோம். பாதிப் பேர் செருகுவதில்லை. அந்தக் கீறலில் நாளைக்குச் சொத்தை வந்தால், நாம் சரிசெய்த பல்லுக்குப் பதில் பக்கத்துப் பல்லைக் கெடுத்ததாகத்தான் கணக்கு.

மாணவர்களை மட்டும் சொல்லி முடிப்பது நியாயமில்லை. ஸ்டாஃபாக இருக்கிற எங்களிடமும் ஒரு பழக்கம் இருக்கிறது. நேரமாகிறது, நோயாளி முனகுகிறார், மாணவர் திணறுகிறார். "தள்ளுப்பா" என்று நாற்காலியில் உட்கார்ந்து நாமே முடித்துக் கொடுத்துவிடுவோம். நோயாளிக்கு நல்லதுதான். மாணவருக்கு ஒன்றும் ஒட்டாது, ஏனென்றால் நம் கை எங்கே ஊன்றியிருந்தது, எப்போது நிறுத்தினோம் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. பாதியில் நிறுத்தி, "இப்போ எங்கே இடம் பத்தலைன்னு நீயே சொல்லு" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். சரியா தப்பா என்று தானே கண்டுபிடிக்கிற பழக்கம் வராதவரை, அடுத்த ஆண்டும் நம் முகத்தைப் பார்த்துத்தான் நிற்பார்.

அப்புறம் கோட்டா. இத்தனை முழு செட், இத்தனை பகுதி செட் முடித்தால்தான் ரெக்கார்டில் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் பெரும்பாலான இடங்களில் பல் செட்டை வாயில் மாட்டிய அன்றே போட்டுவிடுகிறோம். விளைவு, மறுநாள் பரிசோதனைக்கு நோயாளி வந்தால் மாணவர் இருக்கமாட்டார், இருந்தாலும் புண் இருக்கிற இடத்தை ஊகித்துச் செட்டைத் தேய்த்து அனுப்புவார். புண்ணின்மேல் காப்பியிங் பென்சிலால் (ஈரத்தில் நிறம் ஒட்டுகிற பென்சில்) குறியிட்டு, செட்டை மாட்டி, அந்தக் குறி பதிந்த இடத்தை மட்டும் தேய்க்க வேண்டும். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவைக்கச் சொல்ல வேண்டும். மென்று பழக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்பதை மாட்டுவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். அளவு எடுத்தபோதும் தாடை அளவிலும் செய்த தப்புகள் என்ன செய்தன என்பது இந்த வருகைகளில்தான் தெரியும், அதைப் பார்க்காத மாணவர் அடுத்த செட்டிலும் அதையே செய்வார். கையெழுத்தை, செட் மாட்டி ஒரு வாரம் கழித்து வருகிற பரிசோதனைக்குத் தள்ளிவைத்தால் போதும். அதற்குப் புதிய கருவியோ பணமோ வேண்டாம், ரெக்கார்டில் ஒரு வரி சேர்த்தால் ஆயிற்று.