வேட்டைத் துவக்கு வாங்குமுன்: பின்னுதைப்பிலும் சன்னத்தின் போக்கிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் இலக்குச் சூட்டுப் பயிற்சிக்கு வருபவர்களில் சிலர், வன்னியில் உள்ள காணியைக் காட்டுப் பன்றியிடமிருந்து காப்பாற்ற அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள். வேறு சிலர், கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ சட்டப்படி வேட்டைக்குச் செல்ல ஆயத்தமாகும் இளைஞர்கள். இரு சாராரும் எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளையே திரும்பச் செய்கிறார்கள். விசையில் விரல் வைத்தபடி திரிவது, குழலை ஆட்களை நோக்கித் திருப்புவது போன்றவற்றை முதல் நாளிலேயே கண்டித்துத் திருத்திவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

லேசான துவக்கும் கனத்த தோட்டாவும்

எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுவது இந்தத் தவறுதான். "தூக்கி நடக்கச் சுகம்" என்று 2.6 கிலோகிராம் எடையுள்ள ஒற்றைக்குழல் 12 போர் (குழல் விட்டத்தைக் குறிக்கும் அளவு) துவக்கை வாங்குவார்கள். பிறகு, "பன்றிக்கு இதுதான் சரி" என்று யாரோ சொன்னதை நம்பி 36 கிராம் ஈயம் நிறைத்த தோட்டாவை அதில் போடுவார்கள். உயர்தரத்தில் படித்த உந்தக் காப்பு விதியை ஒருமுறை நினைத்துப் பார்த்தாலே போதும். முன்னே செல்லும் ஈயமும் அடைப்பானும் மருந்துப் புகையும் பெறும் உந்தத்தையே துவக்கும் பின்னோக்கிப் பெறுகிறது. அந்த உந்தம் மாறாதிருக்க, துவக்கின் எடை குறையக் குறைய அது தோளில் இறக்கும் சக்தி கூடுகிறது. ஈயம் செக்கனுக்கு 400 மீற்றர் வேகத்தில் வெளியேறுவதாகக் கொண்டால், இந்தச் சோடியின் பின்னுதைப்பு ஏறத்தாழ 55 யூல். 3.4 கிலோகிராம் துவக்கில் 28 கிராம் தோட்டாவை அதே வேகத்தில் சுட்டால் அது ஏறத்தாழ 27 யூல்தான்.

தோள் நோவது சிறிய விடயம், கெடுவது பழக்கம். இப்படியொரு துவக்கோடு வந்த காணிக்காரர் ஒருவர், இலக்கைத் தவறவிடுவதற்குக் குழலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாமல் மருந்தில்லாத பயிற்சித் தோட்டா ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். விசை "டிக்" என்றது. அதற்கு முன்பே அவருடைய கண்கள் இறுக மூடியிருந்தன, தோள் முன்னே தள்ளியது, குழல் வாய் ஒரு சாண் தாழ்ந்தது. உடல் அடியை எதிர்பார்த்து முந்திக்கொள்ளும் இந்த வெருட்சி, ஒருமுறை படிந்தால் மாதக்கணக்கில் விடாது. இப்படிச் சுடுபவரின் வெடி விலங்கின் வயிற்றிலோ காலிலோ பட்டு, அது பற்றைக்குள் ஓடி நாட்கணக்கில் வேதனைப்பட்டுச் சாகிறது. அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. ஆகவே, துவக்கு வாங்குமுன் அதே எடையுள்ள ஒன்றில், பயன்படுத்தப்போகும் அதே தோட்டாவைச் சுட்டுப் பாருங்கள். பிடங்கின், அதாவது தோளில் வைக்கும் பின்கட்டையின், நீளம் உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்றும், அதன் றப்பர் தோளில் முழுமையாகப் பதிகிறதா என்றும் பாருங்கள்.

சக்தி எண்ணைக் கண்டு மயங்குவது

தோட்டாப் பெட்டியில் சக்தியைக் குறிக்கும் பெரிய எண்ணைக் கண்டதும், சன்னம் (தோட்டாவிலிருந்து பாயும் குண்டு) விலங்கைத் தூக்கி எறியும் என்று நம்புகிறார்கள். எறியக்கூடிய உந்தம் அதற்கு இருந்தால், நியூற்றனின் மூன்றாம் விதிப்படி சுட்டவரும் விழுந்திருப்பார். சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், லேசான வேகச் சன்னத்தின் எண் பெரிதாகத் தெரியும். ஆனால் சன்னத்தின் அமைப்பும் அது படும் இடமுமே முடிவைத் தீர்மானிக்கின்றன.

சன்னம் நேர்கோட்டில் போகும் என்று எண்ணுவது

குழலை விட்ட கணமே சன்னம் விழத் தொடங்குகிறது. 100 மீற்றரில் குறி சரிசெய்த .308 றைபிளின் 150 கிறெயின் (ஏறத்தாழ 9.7 கிராம்) சன்னம், 200 மீற்றரில் குறிக்கு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் கீழே படும். அதற்கப்பால் தாழ்வு வேகமாகக் கூடும். உங்கள் தோட்டாவின் தாழ்வை நீங்களே கடதாசி இலக்கில் சுட்டு அளந்துகொள்ளுங்கள்.

நீளம் பொருந்தாத தோட்டா

துவக்கில் தோட்டா அமரும் 70 மில்லிமீற்றர் அறையில் 76 மில்லிமீற்றர் தோட்டா நுழைந்துவிடும். வெடிக்கையில் அதன் வாய் விரிய இடமின்றி அமுக்கம் ஆபத்தான அளவுக்கு ஏறும். போடவே வேண்டாம்.

தொலைநோக்கியைக் கண்ணருகே பொருத்துவது

பின்னுதைப்பில் துவக்கின் மேலுள்ள தொலைநோக்கி பின்னே வந்து மோதி, புருவம் கிழியும். அந்தத் தொலைநோக்கிக்குக் குறிப்பிட்ட கண் இடைவெளியை (கண்ணுக்கும் அதற்கும் இடையே இருக்க வேண்டிய தூரத்தை) அளந்து பொருத்துங்கள்.