கிராங்க்கைக் கடைசியாக வாங்குங்கள்: 350-ஐ 383 ஆக்கக் கிளம்புகிறவர்களுக்கு

எங்கள் வீட்டு கராஜ் அலமாரியில் எட்டு புதுப் பிஸ்டன்கள் ஆறு வருடமாகச் சும்மா கிடக்கின்றன. விற்கவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. செவர்லேயின் 350 கன அங்குல எஞ்சினை 383 ஆக்கப் போகிறேன் என்று யார் கேட்டு வந்தாலும் முதலில் அந்த அலமாரியைத்தான் காட்டுவேன்.

வண்டி 1970 செவி நோவா. டெட்ராய்ட்டுக்கு வடக்கே இருக்கிறோம். ஆகஸ்ட் மாதம் உட்வர்ட் அவென்யூவில் பழைய வண்டிகள் வரிசை கட்டும்போது நானும் போக வேண்டும் என்பதுதான் ஆசை. அந்த அவசரத்தில், தள்ளுபடி விலையில் கிடைத்ததென்று கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு), இரண்டையும் இணைக்கும் ராடு, பிஸ்டன் எல்லாம் சேர்ந்த செட்டை ஜனவரியிலேயே வாங்கிவிட்டேன். பிஸ்டன் 4.030 அங்குலம். எஞ்சினை இதுவரை யாரும் பிரித்ததே இல்லை என்று வண்டியை விற்றவர் சத்தியம் செய்திருந்தார். மார்ச்சில் சிலிண்டர்களின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றினேன். முதல் சிலிண்டரில் பிஸ்டன் தலையில் கரி அப்பியிருந்தது. பிரேக் கிளீனர் அடித்துத் துணியால் தேய்க்கத் தேய்க்க, கரிக்கு அடியிலிருந்து மெல்ல ஓர் எண் எழுந்து வந்தது: 40. 4.00 அங்குல சிலிண்டர்த் துளையை (அதுதான் போர்) ஏற்கெனவே 0.040 அங்குலம் பெரிதாகக் கடைந்த பிளாக். போரைப் பெரிதாக்கத்தான் முடியும், சிறிதாக்க வழியில்லை. 0.060 வரை போய், வேறு பிஸ்டன் வாங்கி, கிராங்க்கை மறுபடி பேலன்ஸ் செய்து, ஒரு வேலைக்கு இரண்டு முறை காசு கொடுத்தேன். என்னுடையது 383 இல்லை, 388.

சரி, 383 என்பது என்ன? செவர்லே சின்ன பிளாக் 350-இல் போர் 4.00 அங்குலம், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 3.48. அதன் அண்ணன் 400-க்கு ஸ்ட்ரோக் 3.75. அந்த 400 கிராங்க் பிளாக்கில் உட்காரும் பகுதியான மெயின் ஜர்னலை 2.65-லிருந்து 2.45 அங்குலத்துக்குக் கடைந்து, 0.030 போர் போட்ட 350-க்குள் உட்கார வைத்தார்கள். 383 கன அங்குலம் ஆனது. இப்போது கடைய வேண்டியதில்லை, 2.45 ஜர்னலோடு புது கிராங்க் கடையிலேயே கிடைக்கிறது. பிளாக் எந்த வருடத்தது என்று மட்டும் பாருங்கள்: 1985 வரை, கிராங்க்கின் பின்முனையில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் மெயின் சீல் இரண்டு துண்டு, 1986 முதல் ஒரே துண்டு. இரண்டுக்கும் கிராங்க் வேறு. அப்புறம், முன்பக்கம் வலது ஹெட்டுக்குக் கீழே உள்ள மேடையில் அடித்த எண் உங்கள் வண்டி எண்ணோடு ஒத்துப்போனால், அது வண்டியோடு பிறந்த எஞ்சின்; அதைத் தொடாதீர்கள். எண்ணெய் பூசி, சுற்றி, மூலையில் வையுங்கள். வெட்டித் தேய்க்க வேறு 350 பிளாக் தேடுங்கள்.

திட்டத்தைப் பின்னாலிருந்து தொடங்குவதுதான் என் வழக்கம். முதல் கேள்வி பெட்ரோல். எங்கள் ஊர் பங்கில் 93 ஆக்டேன் கிடைக்கும், கலிஃபோர்னியாவில் 91-தான். இரும்பு ஹெட் என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற விகிதம்) 9.5 பக்கம் நிறுத்திக்கொள்வேன், அலுமினியம் என்றால் 10.5 வரை துணிவேன். அடுத்தது பின் ஆக்ஸில் கியர் விகிதம். 2.73 கியரை வைத்துக்கொண்டு பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டால் சிக்னலில் வண்டி இருமும், 3.55, 3.73 என்றால் கதை வேறு. பவர் பிரேக் இருக்கிறதா? பெரிய கேம், பிரேக்குக்கு உதவும் எஞ்சின் வேக்குவத்தைத் தின்றுவிடும், மிதித்தால் பெடல் கல்லாக இருக்கும். தெருவில் ஓட்ட, 0.050 அங்குல லிஃப்டில் அளந்தால் இன்டேக் 224, எக்ஸாஸ்ட் 230 டிகிரி திறந்திருக்கும் ரோலர் கேம் எனக்குப் போதுமாக இருக்கிறது. கார்புரேட்டர் கணக்கும் லேசானதுதான்: 383-ஐ நிமிடத்துக்கு 6000 சுற்றால் பெருக்கி 3456-ஆல் வகுத்தால் 665. ஆக, 650-லிருந்து 750 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) போதும். 850 வாங்கச் சொல்லும் நண்பரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

காசு அதிகம் போக வேண்டிய இடம் ஹெட். ஸ்ட்ரோக்கைக் கூட்டிவிட்டு மூச்சுவிட வழி தராவிட்டால் 5000-க்கு மேல் எஞ்சின் திணறும். பட்ஜெட் சிறிதென்றால் 1996 முதல் 2000 வரை செவி டிரக்குகளில் வந்த வோர்டெக் ஹெட் நல்லது. 64 சிசி அறை. ஆனால் அதற்கென்றே தனி இன்டேக் மேனிஃபோல்டு வேண்டும், வால்வு லிஃப்டிலும் வரம்பு உண்டு.

கம்ப்ரஷனை விளம்பரத்தைப் பார்த்து நம்பாமல் நீங்களே கணக்குப் போடுங்கள். 383-இல் ஒரு சிலிண்டர் 784 சிசி. ஹெட் 64, பிஸ்டன் குழி 12, 0.041 அங்குல கேஸ்கட் சுமார் 9, மொத்தம் 85. 784-ஐயும் 85-ஐயும் கூட்டி 85-ஆல் வகுத்தால் 10.2. இது பிஸ்டன் மேலே வரும்போது பிளாக் மட்டத்துக்கு வந்து நின்றால். கிராங்க் நடுவிலிருந்து பிளாக்கின் மேல்முகம் வரை தொழிற்சாலை உயரம் 9.025 அங்குலம். ஸ்ட்ரோக்கில் பாதி 1.875, ராடு 6.0, பிஸ்டன் உயரம் (ராடு பூட்டும் இடத்தின் நடுவிலிருந்து தலை வரை) 1.125; கூட்டினால் 9.000. பிஸ்டன் 0.025 உள்ளே நிற்கிறது. அந்தச் சிறு இடைவெளியே 5 சிசி, கம்ப்ரஷன் 9.7-க்கு இறங்கிவிடும். அதோடு பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே 0.066 ஆகிவிடுவதால் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக எரிந்து தட்டுவது) தொந்தரவும் கூடும். 0.040 பக்கம் இருக்க வேண்டும். அதனால் பிளாக்கின் மேல்முகத்தைச் சீவ மிஷின் ஷாப்பில் சொல்லிவிடுங்கள்.

பிளாக்கைக் கொண்டுபோகும்போதே விரிசல் சோதனை, சிலிண்டர் சுவர்த் தடிமனை ஒலி அலையால் அளக்கும் சோனிக் சோதனை இரண்டையும் கேளுங்கள். அவர்கள் அளந்து, "0.030-இல் சுத்தமாகும்" என்று சொன்ன பிறகுதான் செட்டுக்குப் பணம் கட்ட வேண்டும்.

செட் வந்ததும் பேரிங்கில் எண்ணெய் விட்டு, ரிங் இல்லாமல் ஒருமுறை பூட்டிப் பாருங்கள். ராடு போல்ட், பிளாக்கின் அடியில் எண்ணெய்ப் பான் பொருந்தும் ஓரத்தையும் சிலிண்டரின் அடி விளிம்பையும் தொடும். கிராங்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். தட்டும் இடம் விரலுக்கே தெரியும். அங்கே மார்க்கர் வைத்து, எல்லாவற்றையும் திரும்பக் கழற்றி, பிளாக்கின் அந்த இடத்தை அரைத்து, குறைந்தது 0.050 அங்குலம் இடைவெளி விடுங்கள். அதிகம் அரைத்தால் தண்ணீர் போகும் வழி திறந்துவிடும், நிதானம். கேமுக்கும் ராடுக்கும் இதே 0.050. கேம் பாதி வேகத்தில் சுற்றுவதால், டைமிங் செயின் போட்டு கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி எட்டு ராடையும் பார்க்க வேண்டும். எனக்கு இதற்கே இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. பிளாக்கை உள்ளும் புறமும் கழுவுவது இதற்குப் பிறகுதான், முன்னால் இல்லை.

பேலன்ஸ் விஷயத்தில் ஒன்றே ஒன்று. முன்முனையில் எடை வைத்த 400 பேலன்சர், பின்முனையில் எடை வைத்த ஃபிளெக்ஸ்பிளேட் (கியர்பாக்ஸோடு இணைக்கும் தட்டு) கேட்கும் கிராங்க் உண்டு; 350-இன் சாதா பாகங்களையே ஏற்கும் கிராங்க்கும் உண்டு. நான் இரண்டாவது வகையைத்தான் எடுப்பேன், விலை கூடினாலும். ஐந்து வருடம் கழித்து யாராவது ஃபிளெக்ஸ்பிளேட் மாற்றும்போது, உள்ளே எது இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. என் எஞ்சினில் வால்வு கவருக்கு உட்பக்கம் பெயிண்ட் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்: 388, போர் 4.060, பேலன்ஸ் உள்ளேயே.