கொரிய மரபு மருத்துவ வழியில் எடையைக் குறைக்க விரும்பும் வன்னி வாசகருக்கு

கொரியாவில் வேலை செய்யும் பிள்ளையோ உறவினரோ விடுமுறையில் வரும்போது உடம்பு மெலிவதற்கென்று கசாயப் பைக்கற்றுகளைக் கொண்டுவந்து தந்தால், அவற்றைப் பிரிப்பதற்கு முன்னர் இதை வாசியுங்கள்.

கொரிய மரபு மருத்துவத்தில் மருந்துக்கு முன்னர் ஆளின் உடல்வாகையே பார்ப்பார்கள். லீ ஜே-மா (1837–1900) என்ற வைத்தியர் மனிதரைத் தெயாங், சோயாங், தெயும், சோயும் என நான்கு வகையாகப் பிரித்தார். சித்த வைத்தியரிடம் நாடி காட்டிப் பழகிய நமக்கு இது அந்நியமான எண்ணமல்ல. உண்பதை எளிதில் உடம்பில் சேர்த்துக்கொண்டு, சேர்த்ததை வெளியேற்றச் சிரமப்படும் தெயும் வகையினரே பருமனாகும் வாய்ப்புக் கூடியவர்கள் என்பது அந்த மரபின் கருத்து. உங்கள் வகையை நீங்களே தீர்மானித்துவிட வேண்டாம். அது பயிற்சி பெற்ற வைத்தியரின் வேலை.

முதலில் அளந்துகொள்ளுங்கள். எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து அதன் வர்க்கத்தால் வகுத்தால் உடற்திணிவுச் சுட்டி கிடைக்கும், 1.60 மீற்றர் உயரமும் 70 கிலோ எடையும் உள்ளவருக்கு அது ஏறத்தாழ 27.3 ஆகும். கொரியாவில் 25ஐ எட்டினாலே உடற்பருமன் என்று கணிக்கிறார்கள். எம்மவரில் ஆண்களின் இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களுடையது 80 சென்ரிமீற்றருக்கும் குறைவாக இருப்பது நல்லது.

அடுத்தது சாப்பாடு. தெயும் வகையினருக்குச் சொல்லப்படும் முள்ளங்கி, சோயா அவரை, தாமரைக்கிழங்கு ஆகியவை எமது சந்தைக்கும் குளங்களுக்கும் உரியவைதாம். சோற்றைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தைக் கீரையாலும் மரக்கறியாலும் நிரப்புங்கள். இரவில் தேங்காய்ப்பூ நிறையச் சேர்த்த புட்டுக்குப் பதிலாக அளவான குரக்கன் கூழும் அவித்த பயறும் போதும். கொரியர் வறுத்த பார்லியை அவித்து நாள் முழுவதும் நீராகக் குடிப்பார்கள். சீனி போட்ட தேநீர் நாளுக்கு நான்கைந்து குடிப்பவர் பார்லித் தண்ணீருக்கு மாறினால், அந்த மாற்றம் மட்டுமே தராசில் தெரியும். செரிமானம் மந்தமான சோயும் வகையினர் குளிர்பானத்தைத் தவிர்த்து, இஞ்சி, உள்ளி சேர்த்துச் சூடாக உண்ண வேண்டும் என்பது அவர்கள் முறை.

தெயும் வகையினருக்கு நன்றாக வியர்ப்பது நலத்தின் அடையாளம் என்பார்கள். வன்னி வெயிலில் சும்மா இருந்தாலும் வியர்க்கும். ஆனால் வேண்டியது உழைத்து வரும் வியர்வை. வெயில் ஏறுமுன் குளக்கட்டில் அரைமணி நேரம் வேகமாக நடவுங்கள்.

இனி அந்தப் பைக்கற்று. கொரியாவில் மெலிவதற்குக் கொடுக்கும் கசாயங்கள் பலவற்றில் மாஹ்வாங் என்ற மூலிகை சேர்கிறது. அதிலுள்ள எபெட்ரின் பசியை அடக்கும். கூடவே இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தித் தூக்கத்தைக் கெடுக்கும். இது கலந்த துணை உணவுகளை அமெரிக்கா 2004இல் தடை செய்தது. கொரியாவிலும் வைத்தியர் ஆளைப் பார்த்து அளவிட்டே கொடுப்பதால், ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவர் குடிப்பது மிகவும் ஆபத்தானது. பிரஷர், இதய நோய், தைரொயிட் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும் அதைத் தொடவே கூடாது. நீரிழிவுக்குக் குளிசை எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன்னரும் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். சீனி திடீரென இறங்கிவிடலாம்.

70 கிலோ உள்ளவர் சில மாதங்களில் மூன்றரைக் கிலோ குறைத்தாலே பிரஷரிலும் சீனியிலும் நன்மை தெரியத் தொடங்கும். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலை வெறும் வயிற்றில் நிறுத்து, கொப்பியில் எழுதிவையுங்கள்.