‘பசிபிக் ஓவர்ச்சர்ஸ்’ இசைநாடகத்தை மேடையேற்றுவது எப்படி? தொடக்கநிலை இயக்குநர்களுக்கான செய்முறை

மேலைநாட்டாரில் டச்சு வணிகரை மட்டும், அதுவும் நாகசாகியில் மட்டும் அனுமதித்திருந்த ஜப்பானின் வாசலுக்கு, 1853 ஜூலையில் அமெரிக்கத் தளபதி மேத்யூ பெரி நான்கு போர்க்கப்பல்களுடன் வந்தார். அதன்பின் அந்நாடு உருமாறிய கதையை ஜப்பானியர் பக்கம் நின்று சொல்லும் இந்நாடகம், ஸ்டீபன் சோண்ட்ஹைமின் இசையிலும் ஹெரால்டு பிரின்ஸின் இயக்கத்திலும் 1976இல் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறியது.

முதல் வேலை, மேடையேற்ற உரிமம் பெறுவது. அது கைக்கு வரும்வரை ஒத்திகையைத் தொடங்க வேண்டாம்.

அடுத்து அரங்கம். முதல் தயாரிப்பு ஜப்பானின் பழைய நாடக வடிவமான கபுகி மரபைத் தழுவியது என்பதால், பார்வையாளர் நடுவே செல்லும் ஹனாமிச்சி என்னும் நடைமேடையும், கறுப்புடையில் பொருள்களை நகர்த்தும் மேடை உதவியாளர்களும், நம் கூத்துக் கட்டியங்காரனைப் போலக் கதையை நடத்திச் செல்லும் ஒரு கதைசொல்லியும் தேவை. கப்பலுக்குப் பெருந்தொகை செலவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. கரையில் நிற்பவர்கள் அக்கப்பல்களைக் கரிய டிராகன்களாகவே காண்கிறார்கள். அவர்களின் அச்சத்தை முரசொலியிலும் முகங்களிலும் காட்டிவிட்டால் பலகையும் பாயும் குறைவாகவே போதும்.

ஜப்பானியரும் அமெரிக்கரும் ஒரு வீட்டுக்குள் பேச்சுவார்த்தை நடத்தும் உடன்படிக்கைக் காட்சியில் அதிக நாள் ஒத்திகை பாருங்கள். மரத்தின்மேல் இருந்த சிறுவனுக்கு உள்ளே நடப்பது தெரிகிறது, கேட்கவில்லை. தரைக்கடியில் பதுங்கிய வீரனுக்குக் கேட்கிறது, தெரியவில்லை. அச்சிறுவனே முதியவனாகி வந்து நினைவுகூர்கிறான். ஆகவே பேச்சுவார்த்தை நடக்கும் வீட்டின் உட்புறத்தைப் பார்வையாளருக்கு ஒருபோதும் திறந்து காட்டக் கூடாது.

பண்பாட்டு மாற்றம் முழுவதையும் ஒரே பாடலில் காட்ட வேண்டிய இடம், சாமுராயான கயாமா வட்டத்தொப்பி அணியும் காட்சி. பல ஆண்டுகள் கடந்து செல்லும் அப்பாடலில் தொப்பி, சட்டைப்பைக் கடிகாரம், ஒற்றைக்கண் கண்ணாடி என ஒவ்வொன்றாக அவரிடம் வந்து சேர, மறுபுறம் அமெரிக்காவில் வாழ்ந்து திரும்பிய மஞ்சிரோ சாமுராயாக மாறிக்கொண்டிருக்கிறார். பொருள்கள் வரும் வேகத்தை இசையோடு எண்ணி அமையுங்கள். அவசரப்பட்டால் அது வெறும் உடைமாற்றமாகிவிடும்.

முதல் தயாரிப்பில் பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்றனர். பெண்கள் நவீன ஜப்பானைக் காட்டும் இறுதிப் பாடலில்தான் தோன்றினர். இதைப் பின்பற்றுவதானால் அவர்களை நாடக முடிவில் நடிகர்கள் வணங்குவதற்கான ஒத்திகையிலிருந்துகூட விலக்கிவிடாமல், கடைசிப் பாடலின் நடன ஒத்திகையைத் தொடக்க வாரங்களிலேயே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.