நறுக்கும் நொதியைப் புரிந்துகொள்வதில் நேரும் தவறுகள்

வெட்டுப்பட்ட புரதம் வீணாய்ப் போனது என்று நினைப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். செல் சவ்வில் ஊன்றி நிற்கும் பல புரதங்களின் வெளிப்பகுதியை ஏடம்17 என்ற நொதி சவ்வை ஒட்டி நறுக்கி விடுவிக்கிறது. அந்தத் துண்டு குப்பை அல்ல. அக்கம்பக்கத்துச் செல்லின் ஏற்பியில் போய் அமர்ந்து, ‘வளர்’, ‘நகர்’ என்று சொல்லும் செய்தியே அதுதான்.

பெயரை வைத்து நொதியை எடைபோடுவது இன்னும் பெரிய தவறு. அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற புரதத்தை ஏடம்17 விடுவிப்பதால், 1997-ல் இதை அடையாளம் கண்டவர்கள் அந்த வேலையை வைத்தே ‘டேஸ்’ (‘டிஎன்எஃப்-ஆல்ஃபாவை மாற்றும் நொதி’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பெயரிட்டார்கள். ‘அழற்சி நொதி’ என்ற எண்ணம் அப்படியே மனதில் தங்கிவிடுகிறது. 1998-ல் வெளியான சுண்டெலி ஆய்வைப் பாருங்கள். நொதியில் துத்தநாகத்தைப் பிடித்துவைக்கும் பகுதியை மரபணுவிலேயே நீக்கினார்கள். துத்தநாகம் இல்லாமல் வெட்டு விழாது. பெரும்பாலான குட்டிகள் பிறப்பதற்குச் சற்று முன்போ, பிறந்த முதல் நாளிலோ இறந்தன. டிஎன்எஃப் இல்லாத எலிகளோ பிழைத்து வளர்கின்றன. அப்படியானால் சாவுக்குக் காரணம் வேறு.

துப்பு கண்ணிலேயே இருந்தது. சுண்டெலிக் கருவின் இமைகள் ஏறத்தாழ 16-ஆம் நாளில் ஒட்டிக்கொள்ளும். பிறந்து இரண்டு வாரம் ஆன பிறகுதான் பிரியும். இந்தக் குட்டிகளுக்கோ கண் மூடவே இல்லை. இமை விளிம்பின் தோல் நகர்ந்து வந்து மூடுவதற்கு டிஜிஎஃப்-ஆல்ஃபா என்ற வளர்ச்சிப் புரதம் வேண்டும். வெட்டுவதற்கு ஆள் இல்லாததால் அது சவ்விலேயே சிக்கி நின்றது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

இங்கேயும் அவசரப்படக் கூடாது. டிஜிஎஃப்-ஆல்ஃபா இல்லாத எலிகளும் திறந்த கண்ணோடு பிறக்கின்றன, ஆனால் பிழைத்துக்கொள்கின்றன. நொதி செயல்படாத குட்டிகளின் இதய வால்வுகளும் தடித்துப்போயிருந்தன. அதற்கு எச்பி-ஈஜிஎஃப் என்ற இன்னொரு புரதம் விடுபடாததே காரணம். ஒரே நொதி பல புரதங்களை நறுக்குகிறது. எல்லாக் குறைகளையும் ஒன்றின் தலையில் கட்ட முடியாது.

அதற்காக, வெட்டு கூடக்கூட நல்லது என்றும் இல்லை. எச்பி-ஈஜிஎஃப் சவ்வில் நிற்காமல் எப்போதும் விடுபட்டே இருக்கும்படி மாற்றிய எலிகளில் தோலும் இதயமும் மிகையாகப் பெருத்தன.

எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்துவதும் சரியல்ல. ஏடம்17 செயல்படாத இரு உடன்பிறப்புகளைப் பற்றி 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்கள் பிறந்த அன்றே இறந்துவிடவில்லை. தோலிலும் குடலிலும் ஓயாத அழற்சியோடு வளர்ந்தார்கள்.