கண் சிவந்தால் தள்ளிப்போடாதீர்கள்

டாப்ராஃபெனிப், வெமுராஃபெனிப், ட்ராமெடினிப் போன்ற புற்றுநோய் மாத்திரை எடுப்பவர்கள் கவனத்துக்கு. இவற்றால் சிலருக்குக் கண்ணின் உள்ளே யுவெயிடிஸ் எனும் அழற்சி வரும். கண் சிவந்தால் ‘தூக்கம் போதவில்லை’ என்று நாமே முடிவுகட்டிவிடுவோம். கூடவே வெளிச்சம் கூசுகிறதா, வலிக்கிறதா, கரும்புள்ளி மிதக்கிறதா, பாருங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சுவரில் உள்ள காலண்டரைப் படியுங்கள். பிறகு மறு கண். இரண்டும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் மங்கலை மறைத்துவிடும்.

சந்தேகம் வந்தால் அன்றைக்கே புற்றுநோய் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். பலருக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்திலேயே சரியாகிவிடும். அதற்காக வீட்டில் மிச்சமிருக்கும் பழைய ஸ்டீராய்டு பாட்டிலைத் தேடி எடுக்காதீர்கள். வந்திருப்பது கிருமித் தொற்று என்றால் அது இன்னும் முற்றிவிடும்.